ஒரு ராத்திரி குதிரையோடு தங்க இடம் வேண்டும்: சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தாருக்கும் வணக்கம்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புறநகர் ஒன்றில் குதிரை வளர்க்கிறவன் நான். எங்கள் பக்கம் என்னைப் போலப் பலர் இருக்கிறார்கள். ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரையை வாங்கி வைத்திருப்பவர்கள், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் மார்வாரி, கத்தியவாரி ஜாதிக் குதிரை பிடித்து வந்தவர்கள், பிள்ளைக்குச் சவாரி கற்றுக்கொடுக்கலாம் என்று ஆரம்பித்துக் கடைசியில் தாங்களே குதிரையை விட்டுப் பிரிய முடியாமல் ஆனவர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் சவாரி விட்டுப் பிழைக்கும் குதிரைக்காரர்களையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு. சனிக்கிழமை குதிரையை லாரியில் ஏற்றி ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். ஏரிக்கரையிலும் மண்பாதையிலும் நிதானமாகச் சவாரி போய்விட்டு, ராத்திரி டென்ட் போட்டுக் குதிரைக்குப் பக்கத்திலேயே படுத்து, மறுநாள் வீடு திரும்ப வேண்டும்.

அதற்கு இடமில்லை. இருப்பதாகச் சொல்லப்படும் இடங்களும் குதிரைக்கு ஆகாத இடங்களாக இருக்கின்றன.

2023-ல் வெளியான உங்கள் சுற்றுலாக் கொள்கையில் சாகசச் சுற்றுலா, கேரவன் சுற்றுலா, கிராமியச் சுற்றுலா எல்லாம் இருக்கின்றன. முகாம் நடத்துகிறவர்கள் உங்களிடம் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இவை நல்ல காரியங்கள், மனதாரச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை உயிர்களைப் பறிகொடுத்த பிறகு, மலையில் யார் எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்பதற்கெல்லாம் அரசு ஒழுங்கு கொண்டுவந்தது சரிதான். கேரவனில் வருகிறவருக்கு நிறுத்த இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்கள். குதிரையோடு வருகிறவருக்காகவும் அப்படி ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

"குதிரையெல்லாம் வேண்டாம்" என்று மறுக்கும் ரிசார்ட்டுகள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. மற்ற விருந்தாளிகள் பயப்படுவார்கள், லத்தி நாறும், ஈ மொய்க்கும் என்று அவர்கள் யோசிப்பது நியாயம். "தாராளமா கூட்டிட்டு வாங்க சார், எடம் நெறைய இருக்கு" என்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம். நிஜமாகவே இடம் நிறைய இருக்கும். நல்ல மனதோடுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்த இடம் நாய்க்குச் சரிப்படும், மாட்டுக்குக்கூடச் சரிப்படும், குதிரைக்குச் சரிப்படாது.

ஒரு மார்கழிக் கடைசியில், கடலோரத்தில் அப்படி ஒரு கேம்ப்புக்கு என்னுடைய செவலைப் பெண்குதிரையைக் கொண்டுபோனேன். கூட ஒரு நண்பரும் அவருடைய குதிரையும். தண்ணீர் உண்டா, கட்ட இடம் உண்டா, நிழல் உண்டா என்று போனிலேயே கேட்டிருந்தோம். எல்லாம் உண்டு என்றார்கள். போய் இறங்கினால், டென்டுகளைச் சுற்றி வேலி மாதிரி அரளி, சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. குதிரையைக் கட்டச் சொன்னது அதற்கு எட்டிக் கடிக்கும் தூரத்தில் நட்டிருந்த ஓர் இரும்புக் கம்பத்தில். கம்பத்துக்குப் பின்னால் முள்கம்பி. சரி, முதலில் தண்ணீர் காட்டுவோம் என்று குழாயைத் திறந்து வாளியை நிரப்பி வைத்தோம். செவலை மூக்கை விட்டு முகர்ந்தது. மேலுதட்டைச் சுருட்டித் தூக்கியது. தலையைத் திருப்பிக்கொண்டது. நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"ஊர் மாடெல்லாம் இதத்தான் சார் குடிக்குது" என்றார் அங்கே வேலை பார்த்த பையன். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டீக்கடையில் 20 லிட்டர் கேன்கள் வாங்கி வந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோப்பில் மாடு வைத்திருந்த ஓர் அக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "அங்க கட்டாதீங்க தம்பி, அரளி இருக்கு. எங்க ஆடு ஒண்ணு அதத் தின்னுதான் போச்சு. இப்படி ஓட்டியாங்க" என்றார். அவர் வீட்டுப் பின்பக்கம் கிணற்றில் நல்ல தண்ணீர். அகலமான கல்தொட்டி. சுற்றிலும் மூங்கில் படல், ஒரு ஆணி துருத்திக்கொண்டு இல்லை. இரண்டு குதிரைகளும் அன்று ராத்திரி அங்கேதான் நின்றன, நாங்களும் அங்கேயே படுத்தோம். காசு கட்டிய டென்ட் காலியாகக் கிடந்தது.

அந்த அக்காவுக்குத் தெரிந்ததைத்தான் உங்கள் பதிவுப் படிவத்தில் ஏற்றச் சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் குதிரை வளர்க்காதவருக்கு இவை சின்ன விஷயங்களாகத் தோன்றும்.

அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். காய்ந்து உதிர்ந்த இலையிலும் விஷம் குறையாது. ஒரு கைப்பிடி இலை போதும், குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடுமாடு பெரும்பாலும் மேயாது, பார்க்க அழகு என்பதால் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் ரிசார்ட் வாசலிலும் அதைத்தான் நடுகிறோம். லாரியில் குலுங்கி வந்து பசியோடு இறங்கும் குதிரை, புது இடத்தில் எட்டினதையெல்லாம் கடித்துப் பார்க்கும். உண்ணிச்செடியும் அப்படித்தான், ஆமணக்கு விதையும் அப்படித்தான். நாய் ஆகாததைத் தின்றால் கக்கிவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பின் அமைப்பே அப்படி. உள்ளே போனது போனதுதான்.

தண்ணீர் விஷயம் இன்னும் பெரியது. சாதாரண நாளிலேயே ஒரு குதிரை 25, 30 லிட்டர் குடிக்கும். நம் ஊர் வெயிலில் சவாரி போய் வந்தால் 40 லிட்டரைத் தாண்டும். பிடிக்காத தண்ணீரை அது குடிக்காமலே நிற்கும். குடிக்காமல் நின்றால் குடலில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்ளும், வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி என்பது நமக்கு வருவது போலக் கஷாயத்தில் தீர்கிற சமாசாரம் இல்லை. விடிவதற்குள் உயிரைக் கொண்டுபோகக்கூடியது. கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு ஏறிக் கிடப்பது உங்களுக்கே தெரியும். அதனால் "தண்ணீர் வசதி உண்டு" என்ற ஒரு வரி எங்களுக்குப் போதாது. என்ன தண்ணீர், எவ்வளவு, ராத்திரி மோட்டார் ஓடாவிட்டாலும் தொட்டியில் இருக்குமா என்று தெரிய வேண்டும். குளிப்பாட்டவும் தண்ணீர் வேண்டும். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் சில குதிரைகளுக்கு, அதிலும் ரேஸ் குதிரைகளுக்கு, வியர்ப்பதே நின்றுபோகும் நோய் வருவதுண்டு. குதிரையின் உடம்புச் சூடு தணிவது பெரும்பாலும் வியர்வையால்தான். வியர்க்காத குதிரையை நிழலில் நிறுத்தி மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடற்கரை மணலைப் பார்த்தால் எல்லோருக்கும் குதிரை ஞாபகம் வருகிறது. மணலில் நிறுத்துவது கால்களுக்கு மெத்தென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணலில் புல்லைப் போட்டால் புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போகும். அது குடலில் தங்கித் தங்கி ஒரு நாள் அடைக்கும். இதற்குத் தீர்வு ரொம்ப மலிவு. ஒரு பழைய ரப்பர் பாய், அல்லது தரையில் இரண்டு முழத்துக்குச் சிமென்ட் பூச்சு, அல்லது அகலமான ஒரு தொட்டி. இருநூறு பேர் உட்காரும் மேடை போடுகிற ரிசார்ட்டுக்கு இது ஒரு செலவே இல்லை.

எங்கே, எப்படிக் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? திறந்த மைதானத்தில் வரிசை வரிசையாகக் குதிரைகள், முளைக்குச்சி அடித்துக் கட்டப்பட்டு, ராத்திரி பகலாக நிற்கும். பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் குதிரைக்காரர் படுத்திருப்பார். குதிரையோடு வெளியில் தங்குவது நமக்குப் புதிதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முகாமுக்கு ஏற்றது, நல்ல உறுதியான இரண்டு மரங்களுக்கு நடுவே குதிரையின் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, தலைக்கயிற்றை அதில் தொங்கவிடுவது. கயிறு காலில் சிக்காது, குதிரை வேரையும் குளம்பால் தோண்டாது. மரப்பட்டை அறுபடாமல் இருக்க அகலமான நாடாவைச் சுற்றிவிட்டுக் கயிறு கட்ட வேண்டும். மரம் தென்னையாக மட்டும் இருக்கக் கூடாது, மேலே தேங்காய் இருக்கிறது. மரமே இல்லாத இடத்தில், 4 மீட்டருக்கு 4 மீட்டர் சவுக்குக் கழிகளால் பட்டி அடைத்துவிட்டால் போதும். முள்கம்பி கூடவே கூடாது. மிரண்ட குதிரை வேலியைப் பார்த்து நிற்காது, உள்ளே பாய்ந்துவிடும்.

நின்றுகொண்டே தூங்கும் மிருகம்தானே என்று பலர் கேட்கிறார்கள். அது அரைத் தூக்கம். ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும். பயமில்லை, பக்கத்தில் கூட்டாளி இருக்கிறது என்று தெரிந்தால்தான் படுக்கும். ராத்திரி 12 மணி வரை டிஜே போடுகிற இடத்தில், கண்ணில் ஃபோகஸ் லைட் அடிக்கிற இடத்தில், அது விடிய விடிய நின்றுகொண்டே இருக்கும். அப்படி நின்ற குதிரையை மறுநாள் சவாரிக்கு எடுப்பது பாவம்.

தீவனம் தருகிறோம் என்று யாரும் விளம்பரம் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் வைக்கோலும் மாட்டுத் தீவனமும்தான் தருவார்கள். சில மாட்டுத் தீவனங்களில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு நல்லது, குதிரைக்கு எமன். தவிர, தீவனத்தைத் திடீரென்று மாற்றினாலே குதிரைக்கு வயிறு கெடும். எங்கள் புல்லையும் கொள்ளையும் நாங்களே கட்டிக்கொண்டு வருவோம். அதை நனையாமல், கேம்ப் நெருப்புக்கு எட்டாமல் வைக்க ஒரு கூரை இருந்தால் போதும்.

லாரி திரும்ப இடம் வேண்டும், பின்பக்கத்தை அணைத்துக் குதிரையை இறக்க ஒரு மண்மேடு வேண்டும். லத்தி ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோ வரும். ஒரு குழி வெட்டி வைத்தால் பக்கத்து விவசாயி வந்து சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போவார்.

நோய் பற்றி நாங்களே கறாராக இருக்கச் சொல்கிறோம். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. குதிரைக்குக் குதிரை ஒட்டும், மனிதருக்கும் வரும். பொதுத் தொட்டியில் எல்லாக் குதிரையும் வாய் வைத்தால் பரவிவிடும். ஆகவே தொட்டியிலிருந்து மொண்டு அவரவர் வாளியில் காட்ட வேண்டும் என்று விதி போடுங்கள். குதிரையை வண்டியில் ஏற்ற 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி கால்நடை மருத்துவரின் சான்று ஏற்கெனவே தேவை. முகாம் வாசலில் அதைக் காட்டச் சொல்லுங்கள், நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும், வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்குப் போகும் வழியும் வாசலிலேயே எழுதியிருக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்குக் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தரையில் புரளும்போது, யாரும் போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அமெரிக்காவில் இதற்கென்றே தனி முகாம்கள் இருக்கின்றன. டென்னசியும் கென்டக்கியும் சேரும் இடத்தில் இருக்கும் பிக் சவுத் ஃபோர்க் போன்ற பொதுப் பூங்காக்களில், குதிரையோடு வருகிறவர்களுக்கு என்று ஒதுக்கிய மைதானமே உண்டு. அங்கே பல மாநிலங்களில், ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையை உள்ளே விட மாட்டார்கள். நிறைய காடுகளில், களைவிதை கலக்காத புல் என்று சான்று பெற்ற தீவனம் மட்டும்தான் கொண்டுபோகலாம். இந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதன் அருமை நமக்குத்தான் தெரியும். சீமைக் கருவேலக் காயை ஆடும் மாடும் தின்று, விதை சாணத்தோடு விழுந்து முளைத்துத்தானே ஏரியெல்லாம் முள்காடாகிக் கிடக்கிறது. குதிரை லத்தியிலும் அதே ஆபத்து உண்டு. வெளிநாட்டில் இருப்பதையெல்லாம் அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே கட்டணம் கட்டி, விதிக்குக் கட்டுப்பட்டு வருகிற குதிரைக்காரரை ஒரு தொந்தரவாகப் பார்ப்பதில்லை, பாதையையும் முகாமையும் கூடச் சேர்ந்து காப்பாற்றுகிறவராகப் பார்க்கிறார்கள். அதைக் கொண்டுவரலாம்.

இடம் எங்கே என்பதிலும் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை மணல்வெளியைக் கேட்கவில்லை. தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. ஒரு குளம்பு பட்டால் மணலுக்குள் ஒரு கூடு போய்விடும். வேடந்தாங்கல் பக்கமும் வேண்டாம், பறவைகள் இருக்கட்டும். காப்புக்காடுகளும் வேண்டாம். கடலிலிருந்து உள்ளே தள்ளி எவ்வளவோ இடம் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் ஓர் இடம். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் ஏரிகளை ஒட்டி, ஆனால் தண்ணீரிலிருந்து அறுபது எழுபது மீட்டராவது தள்ளி ஓர் இடம். நிதானமாகப் போகும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் சுகமான தூரம் என்பதால், பின்னாளில் இந்த இரண்டையும் கிராமத்து மண்பாதைகளால் இணைத்துவிடலாம். மூன்றாவதாக ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஏறுவது கஷ்டம்தான், இருந்தாலும் சென்னை கத்திரியில் வேகும்போது எங்கள் குதிரைகளுக்கு மூச்சுவிட ஓர் இடம் கிடைக்கும்.

முதலில் இந்த மூன்று இடங்கள் போதும். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குதிரைகள் நிற்க வசதி போதும். பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. அதைவிட முக்கியம், தனியார் முகாம்களின் பதிவுப் படிவத்தில் குதிரைக்கென்று ஒரு பக்கம் சேர்ப்பது. தண்ணீரின் தன்மை, கட்டும் முறை, வேலி எதனால் ஆனது, வளாகத்தில் அரளி இருக்கிறதா, லாரி உள்ளே வருமா, ராத்திரிச் சத்தம் எத்தனை மணிக்கு நிற்கும். இதை நிரப்பாதவர் "குதிரை வரலாம்" என்று விளம்பரம் செய்யக் கூடாது. நிரப்பியதை உங்கள் ஆள் ஒருவர் நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் மெரினாக் குதிரைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். குதிரை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பதால் அவர்களை வெறுமனே விரட்டப்பட வேண்டியவர்களாகப் பலர் பார்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குதிரையோடு தெருவில் படுத்தவர்கள் அவர்கள். எந்தக் குதிரை எந்த மண்ணில் படுக்கும் என்று நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை அவர்கள் பார்த்தே சொல்வார்கள். மூன்று முகாம்களிலும் காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆள் வேண்டும். அந்த வேலையை அவர்களுக்கு, சம்பளத்தோடு, கொடுங்கள். வாரத்தில் சில நாள் அவர்கள் குதிரைகளும் மணலை விட்டு அங்கே வந்து இளைப்பாறட்டும்.

கட்டணம் கட்ட நாங்கள் தயார். பட்டி அடைக்க, மண்மேடு போட, அரளியைப் பிடுங்கிவிட்டு வேறு செடி வைக்க உடம்பால் உழைக்கவும் தயார்.

பொங்கல் கழிந்து, மழை ஈரம் காய்ந்து மண் இறுகியதும் உங்கள் பொறியாளர் ஒருவரையும் கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு மருத்துவரையும் அனுப்புங்கள். நீங்கள் காட்டும் இடத்துக்கு நாங்கள் எங்கள் செலவில் இரண்டு குதிரைகளோடு வருகிறோம். ஒரு ராத்திரி அங்கே தங்கிப் பார்த்து, எது சரியில்லை, எதை எங்கே மாற்ற வேண்டும் என்று காலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். நாளையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்னைக் குதிரை வளர்ப்போரில் ஒருவன்